கேரவன் இழுக்காத கன்வெர்ட்டிபிள்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பதினான்கு மாதங்களுக்கு முன், பழைய கார் விற்கும் நிறுவனம் ஒன்றில் நான்கு பேர் உட்காரும் கன்வெர்ட்டிபிள் காரை 138,000 வெள்ளிக்கு வாங்கினேன். ஜோகூரில் இருக்கும் என் மைத்துனரிடம் ஒரு கேரவன் உள்ளது. பள்ளி விடுமுறையில் அதைக் காரில் பூட்டி, குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் ஆசை. விற்பனையாளரிடம் இதைச் சொன்னபோது, "கொக்கி மாட்டினால் போதும், தாராளமாக இழுக்கும்" என்றார். என் மனைவியும் உடன் இருந்தார். மூன்று மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனால், இந்த ரகக் காரில் எதையும் இழுக்க உற்பத்தியாளர் அனுமதிக்கவில்லை என்கிறார்கள். விற்பனையாளரைப் பலமுறை தொலைபேசியில் அழைத்தேன். "பார்க்கலாம்" என்றே சொல்லிவந்தவர், இப்போது அழைப்பை எடுப்பதே இல்லை. கைப்பேசியை மாற்றியதில் அவருடன் நடந்த பழைய வாட்ஸ்அப் உரையாடலும் போய்விட்டது. ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்று இருக்கிறது. ஆறு மாதம் தாண்டிவிட்டதால், குறையுள்ள பொருளுக்குத் தீர்வு தரும் லெமன் சட்டமும் உதவாது என்கிறார் நண்பர். காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற முடியுமா? வேறொரு பட்டறையில் கொக்கி மாட்டித் தருகிறேன் என்கிறார்கள். மாட்டிக்கொள்ளலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், செங்காங்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. கொக்கி மாட்டாதீர்கள். காரின் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ உற்பத்தியாளர் பதித்த சிறு தகடு ஒன்று இருக்கும். ஐரோப்பிய முறைப்படி பதிக்கப்படும் தகடுகளில் எடைகள் வரிசையாக வரும். முதல் வரி, கார் பயணிகளோடும் சுமையோடும் சேர்ந்து எவ்வளவு கனக்கலாம் என்பது. இரண்டாம் வரி, காரும் அது இழுக்கும் வண்டியும் சேர்ந்து எவ்வளவு கனக்கலாம் என்பது. அடுத்த இரண்டும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உரியவை. அந்த இரண்டாம் எண் இல்லையென்றால் அந்தக் காரால் எதையும் இழுக்கக்கூடாது என்பதே பிரிட்டிஷ் அரசு வாகன ஓட்டிகளுக்குத் தரும் விளக்கம். கன்வெர்ட்டிபிள் எல்லாமே இழுக்காது என்று சொல்ல முடியாது, இழுவைக்கு அனுமதி பெற்ற நான்கு இருக்கைக் கன்வெர்ட்டிபிள்கள் ஐரோப்பாவில் உண்டு. ஆனால் நிலையான கூரை தரும் உறுதி இந்த வகைக் காருக்குக் கிடையாது, அடித்தளத்தை வலுப்படுத்தித்தான் அதை ஈடுகட்டுகிறார்கள். பின்புறம் ஒரு கேரவன் தொங்கும்போது அந்த அடித்தளம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சோதித்துச் சொல்லக்கூடியவர் உற்பத்தியாளர் மட்டுமே. கேமரன் மலையின் வளைவுகளில் இறங்கும்போது பின்னாலிருந்து கேரவன் தள்ளும் வேகத்தை உங்கள் காரின் பிரேக் தாங்குமா என்பதற்கும் பட்டறைக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

சட்டமும் அதையேதான் சொல்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவைப்படும் மாற்றத்தை அனுமதியின்றிச் செய்தால், முதல் குற்றத்துக்கே அபராதமோ சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். காப்புறுதி இதைவிடப் பெரிய கவலை. பல பாலிசிகள் மேற்கு மலேசியாவையும், தாய்லாந்து எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரையிலான பகுதியையும் உள்ளடக்குகின்றன. அதனால் எல்லை தாண்டினால் பாதுகாப்பு போய்விடும் என்பதில்லை. ஆனால் தெரிவிக்கப்படாத மாற்றத்தையும் உற்பத்தியாளர் அனுமதிக்காத பயன்பாட்டையும் காரணம் காட்டி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. காப்புறுதி இல்லாமல் வண்டி ஓட்டுவது 1,000 வெள்ளி வரை அபராதத்தையோ மூன்று மாதம் வரை சிறையையோ கொண்டுவரக்கூடிய குற்றம். 12 மாதம் ஓட்டுநர் உரிமத்தையும் இழக்க நேரிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொக்கி மாட்டிய மறுகணமே உங்கள் வழக்கு பலவீனமாகிவிடும். "பொருளைத் தன்னுடையதாகக் கருதி மாற்றியமைத்தவர், இப்போது திருப்பித் தருகிறேன் என்கிறார்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொல்ல நீங்களே இடம் கொடுத்தவர் ஆவீர்கள்.

இனி உங்கள் முதன்மைக் கேள்வி. நீங்கள் அனுப்பிய நீண்ட கடிதத்தில் வழக்கைத் தீர்மானிக்கும் புள்ளி ஒன்றே ஒன்று: கேரவன் இழுக்கத்தான் இந்தக் காரை வாங்குகிறீர்கள் என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே விற்பனையாளருக்குத் தெரியப்படுத்தினீர்கள் என்று உங்களால் நிரூபிக்க முடியுமா? கார் இழுக்காது என்பதை நிரூபிப்பது எளிது, உற்பத்தியாளரின் கையேடு ஒன்றே போதும். இழுக்காது என்பதனாலேயே அது குறையுள்ள கார் ஆகிவிடாது என்பதுதான் நீங்கள் கவனிக்காமல் விட்ட இடம். சிங்கப்பூரில் பொருள் விற்பனையை ஆள்வது, 1993ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டப் பயன்பாட்டுச் சட்டத்தின் வழியாக இங்கு நடப்பிலுள்ள 1979ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம். அதன் 14ஆம் பிரிவு வாங்குபவருக்கு இரண்டு உறுதிகளைத் தருகிறது. ஒன்று, பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். அது வழக்கமாக எதற்குப் பயன்படுமோ அதற்குப் பயன்பட வேண்டும் என்பது இதில் அடங்கும். மற்றொன்று, வாங்குபவர் தனக்குரிய குறிப்பிட்ட நோக்கத்தை முன்கூட்டியே தெரியப்படுத்தியிருந்தால், அந்த நோக்கத்துக்கும் பொருள் பொருத்தமாக இருக்க வேண்டும். கூரையைத் திறந்துகொண்டு ஓட்டுவதே கன்வெர்ட்டிபிளின் வழக்கமான பயன். கேரவன் இழுப்பது அதில் சேராது. ஆகவே முதல் உறுதியை வைத்து நீங்கள் வெல்ல முடியாது. இரண்டாவது ஒன்றே உங்கள் வழி, அந்த வழி நீங்கள் சொன்ன சொல்லில்தான் தொடங்குகிறது.

இந்த இடத்தில் நூறாண்டுப் பழமையான ஆங்கிலத் தீர்ப்பு ஒன்று உங்களுக்குத் துணை நிற்கிறது. 1925ஆம் ஆண்டு அறிக்கையில் வெளியான பால்ட்ரி எதிர் மார்ஷல் வழக்கில், சுற்றுலாப் பயணத்துக்கு ஏற்ற வசதியான கார் வேண்டும் என்று வாங்குபவர் சொன்னார். விற்றவர்கள் புகாட்டி காரைப் பரிந்துரைத்து விற்றார்கள். புகாட்டி நல்ல கார்தான், ஆனால் அவர் சொன்ன பயணத்துக்கு ஏற்றதல்ல. எந்த உத்தரவாதமும் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையை அந்த வாசகம் அகற்றவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் தீர்ப்பளித்தது. நோக்கத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தீர்ப்பு இருக்கிறது. 1996இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை விசாரித்த ஸ்லேட்டர் எதிர் ஃபின்னிங் வழக்கில், ஒரு மீன்பிடிப் படகின் எஞ்சினில் பொருத்திய கேம்ஷாஃப்ட் திரும்பத் திரும்பப் பழுதானது. காரணம் அந்தப் படகுக்கே உரிய ஏதோ ஒரு தன்மை. அதே எஞ்சின் வேறு படகில் சிக்கலின்றி ஓடியது. விற்றவருக்குத் தெரியாத அந்தத் தனித்தன்மைக்கு அவர் பொறுப்பல்ல என்று முடிவானது. நீங்கள் பால்ட்ரியின் இடத்தில் நிற்கிறீர்களா, ஸ்லேட்டரின் இடத்தில் நிற்கிறீர்களா என்பதைச் சான்று தீர்மானிக்கும். உங்கள் மனவருத்தம் அதைத் தீர்மானிக்காது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் பார்ப்போம். முதலாவது, "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் சட்டப்படி, தொழில்முறையில் விற்பவர் ஒரு பயனீட்டாளருக்கு எதிராக 14ஆம் பிரிவின் உறுதிகளை விலக்கிக்கொள்ள முடியாது. ஆனால் விற்றவர் உண்மையில் அந்த நிறுவனமா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இங்கே பழைய கார்கள் பல, உரிமையாளருக்காக வணிகர் இடைநின்று விற்கும் முறையில் கைமாறுகின்றன. அப்படி விற்கப்பட்டதும், உரிமையாளர் தொழில்முறை விற்பனையாளர் அல்ல என்பதும் உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், அல்லது தெரியப்படுத்த அவர்கள் நியாயமான முயற்சி எடுத்திருந்தால், 14ஆம் பிரிவே பொருந்தாமல் போகலாம். இரண்டாவது வாதம் இதைவிடக் கூர்மையானது. "நான் கார் விற்பவன், பொறியாளன் அல்ல. கையேட்டைப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். என் திறமையை நம்பி அவர் வாங்கவில்லை." வாங்குபவர் விற்பவரின் திறமையை நம்பவில்லை என்றாலோ, நம்பியது நியாயமற்றது என்றாலோ இரண்டாம் உறுதி கிடையாது என்று சட்டமே சொல்கிறது. எனினும், கேட்ட கேள்விக்குத் "தெரியாது, உற்பத்தியாளரைக் கேளுங்கள்" என்று அவர் சொல்லவில்லை. "தாராளமாக இழுக்கும்" என்று தாமே முடிவு சொன்னார். கையேடு உங்கள் கைக்கு வந்தது பணம் கட்டிய பிறகு என்றால் உங்கள் வாதம் இன்னும் வலுக்கும். தவறான கூற்றை நம்பி ஒப்பந்தம் செய்தவருக்கு 1967ஆம் ஆண்டின் தவறான எடுத்துரைப்புச் சட்டத்திலும் தீர்வு உண்டு. ஆனால் அதற்கும் அந்தக் கூற்று சொல்லப்பட்டது என்பதை நிரூபிக்க வேண்டும்.

இங்கேதான் உங்களைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. 138,000 வெள்ளி கொடுத்து வாங்கிய பொருளுக்கு, எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லவில்லை. பட்டறையில் உண்மை தெரிந்த அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பவில்லை. அதன்பின் பதினொரு மாதம் தொலைபேசியிலேயே பேசிக்கொண்டிருந்தீர்கள். தொலைபேசிப் பேச்சுக்குத் தடயம் இல்லை. "பார்க்கலாம்" என்று அவர் சொன்னது வாக்குறுதியும் அல்ல, ஒப்புதலும் அல்ல. போதாக்குறைக்கு, வழக்கின் ஆணிவேராக இருந்திருக்கக்கூடிய வாட்ஸ்அப் உரையாடலைக் கைப்பேசி மாற்றத்தில் இழந்துவிட்டீர்கள். உங்கள் மனைவியின் சாட்சியம் செல்லும், தயக்கமின்றி அவரைச் சாட்சியாக்கலாம். ஆனால் அவர் உங்கள் வீட்டவர் என்பதால் குறுக்கு விசாரணை கடுமையாக இருக்கும். எழுத்தில் ஒரு வரி கிடைத்தாலும் அவர் சாட்சியம் பலமடங்கு வலுப்பெறும். ஆகவே தேடுங்கள். பழைய கைப்பேசியின் காப்புப் பிரதி, அப்போது காப்புறுதி முகவருக்கு அனுப்பிய செய்தி, கொக்கியின் விலை கேட்டு வேறு பட்டறைக்கு எழுதிய கடிதம், கார் வாங்குவதற்கு முந்தைய வாரம் மைத்துனருக்கு அனுப்பிய குரல் பதிவு என எதையும் விடாதீர்கள். பணம் கட்டிய தேதிக்கு முந்தியது எதுவாக இருந்தாலும் அது சான்று.

உங்கள் நண்பர் சொன்னது பரவலாக இருக்கும் தவறான புரிதல். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டத்தில் வரும் ஆறு மாதம், வழக்குப் போடுவதற்கான கெடு அல்ல. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது பொருள் கைமாறியபோதே இருந்தது என்று சட்டம் ஊகிக்கும். அதற்குப் பிறகு நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. உங்களுக்கோ குறை மூன்றாம் மாதமே தெரிந்திருக்கிறது. அத்துடன், இழுவைக்கு அனுமதி இல்லாத கார் பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். எனவே அந்தக் கணக்கு உங்களைப் பாதிக்காது. உங்களைப் பாதிப்பது வேறு. பொருளைக் கையில் வாங்கி நியாயமான காலத்துக்குள் நிராகரிக்காதவர் அதை ஏற்றுக்கொண்டவராகிறார் என்பது பொருள் விற்பனைச் சட்டம். பதினான்கு மாதம் ஓட்டிய காரை நேரடியாக நிராகரிக்க நீதிமன்றம் அனுமதிப்பது கடினம். லெமன் சட்டத்தின் கீழ், பழுது நீக்கவோ மாற்றிக் கொடுக்கவோ இயலாத நிலையில் விலைக் குறைப்பையோ ஒப்பந்த ரத்தையோ இன்னும் கேட்கலாம். ஆனால் ரத்தானாலும், நீங்கள் காரைப் பயன்படுத்திய காலத்துக்கு உரியதைத் திரும்பத் தரும் பணத்திலிருந்து கழிக்கலாம். பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழோடு மாதாமாதம் மதிப்புத் தேயும் இந்த ஊரில் அந்தக் கழிவு சிறியதாக இருக்காது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டும் 150,000 வெள்ளியை எட்டியதை நினைத்துப் பாருங்கள். இழப்பீடு மட்டும் கேட்டால் இன்னொரு சிக்கல் உண்டு. இழுக்காத கன்வெர்ட்டிபிளுக்கும் சந்தையில் ஏறத்தாழ அதே விலைதான் என்பதால் இழப்பு சிறிது என்பார்கள். மூன்றாம் மாதமே எழுத்தில் நிராகரித்திருந்தால் இந்த வாதங்கள் பெரும்பாலும் எழுந்திருக்காது.

எந்த மன்றத்துக்குப் போவது என்பதும் நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததே. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளி வரை விசாரிக்கும். வழக்குக் காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் அங்கே மனு தர வேண்டும், உங்களுக்கு அதில் பத்து மாதமே மீதி. விலைக் குறைப்புக் கோரிக்கைக்கு அது ஏற்ற இடம், வழக்கறிஞர் வாதாட அங்கே அனுமதி இல்லை என்பதால் செலவும் குறைவு. முழு விலையையும் திரும்பக் கேட்பதானால் 250,000 வெள்ளி வரை விசாரிக்கும் மாவட்ட நீதிமன்றம்தான். ஒப்பந்த வழக்குக்கு அங்கே பொதுவாக ஆறு ஆண்டு கெடு உண்டென்றாலும், இனியும் தாமதிப்பது உங்களுக்கே கேடு. இந்த வாரமே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். இந்த ரகக் காரால் இழுக்க முடியாது என்பதை உற்பத்தியாளரின் உள்ளூர் முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எந்த நாளில், யாரிடம், என்ன சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதை, கோபச் சொல் ஒன்றும் இல்லாமல் விற்பனை நிறுவனத்துக்கு மின்னஞ்சலாகவும் பதிவுத் தபாலாகவும் அனுப்புங்கள். அவர்கள் மறுத்தாலும், மழுப்பினாலும், பேசாமல் இருந்தாலும் அது பின்னால் பயன்படும். பிறகு ஒப்பந்தம், விளம்பரப் பிரதி, பணம் கட்டிய ரசீது, பட்டறையின் குறிப்பு, காப்புறுதிப் பாலிசி ஆகிய எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். கட்டணம் தடையென்றால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தையோ சமூக சட்ட ஆலோசனை மையத்தையோ அணுகலாம். இங்கே நான் சொன்னது நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான கருத்து. உங்கள் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை, அதிலுள்ள ஒரு வரி முடிவையே மாற்றக்கூடும். அந்த வரியைப் படித்துச் சொல்ல உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர் தேவை. அவரைப் பார்க்கும் வரை காரில் எதையும் மாற்றாதீர்கள், எதையும் இழுக்காதீர்கள், விற்பனையாளர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.