அந்த எண் எந்தப் பக்கத்தில் இருந்தது?

மும்பையின் தாராவியில் எத்தனை பேர் வாழ்கிறார்கள்? இந்த ஊரைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறவர் முதல் பக்கத்திலேயே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மூன்று லட்சம் என்பார் ஒருவர், ஆறு லட்சம் என்பார் இன்னொருவர், செய்தித்தாள் பத்து லட்சம் என்னும். ஏதோ ஒன்றை எடுத்து எழுதிவிடுகிறோம். ஒன்றரை வருடம் கழித்து வைவாவில் எதிரே இருப்பவர், “இதை எங்கிருந்து எடுத்தீர்கள்?” என்று கேட்கும்போது நோட்டுப்புத்தகம், வாட்ஸ்ஆப், டவுன்லோடு ஃபோல்டர் எல்லாவற்றையும் மனசுக்குள் புரட்டுகிறோம். கிடைப்பதில்லை.

தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தேவ்னாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்கும் மும்பைப் பல்கலைக்கழகத்துக்கும் படிக்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். தொண்டு நிறுவனத்தில் சர்வே எடுப்பவர்களுக்கும், பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதே வேலைதான். உங்கள் தெருவைப் பற்றி உலகம் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பதில் எழுத உட்காரும்போது பக்க எண் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு நான் சொல்லும் கருவி ஜோட்டெரோ. 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான திறமூல மென்பொருள், இலவசம். பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்தினால் நூலோ கட்டுரையோ செய்தியோ, ஆசிரியர், ஆண்டு, முகவரி எல்லாம் சேர்ந்து உள்ளே வந்துவிடும். பெரும்பாலானோர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தாராவியின் தேரா காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கை மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினால் மட்டும் காசு வராது. ரகம் பிரித்த பிறகுதான் விலை. முந்நூறு பிடிஎஃப்பும் அப்படித்தான்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். 1986-ல் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு தாராவியில் கணக்கெடுத்தது. அந்த அமைப்பைக் கட்டி வளர்த்த ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். செம்பூர் பக்கம் இருந்த ஜனதா காலனியை இடிப்பதை எதிர்த்துப் போராடிப் பொதுவாழ்வுக்கு வந்தவர். அந்தக் கணக்கு பின்னாளில் பல ஆய்வுகளில் இப்படி வருகிறது: 80,518 கட்டடங்கள், 1,06,045 குடும்பங்கள், 5,30,225 பேர். கடைசி எண் ஒன்றாம் இலக்கம் வரை துல்லியமாக இருப்பதால் தலைகளை எண்ணியிருக்கிறார்கள் என்றே தோன்றும். குடும்ப எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். சரியாக 5,30,225. ஆக, மக்கள்தொகையாக மேற்கோள் காட்டப்படுவது குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று வைத்துப் போட்ட கணக்கு. இதனால் அந்த உழைப்பின் மதிப்பு குறையவில்லை. அரசு ஏட்டில் இடமில்லாதவர்களைத் தாங்களே எண்ணிக் காட்டிய துணிச்சல் அது. ஆனால் நான்கரை என்று வைத்திருந்தால் அரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கும் என்பது ஆய்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை எப்படிக் குறித்துவைப்பது? ஜோட்டெரோவுக்குள்ளேயே பிடிஎஃப்பைத் திறந்து அந்த வரியை ஹைலைட் செய்யுங்கள். பிறகு ஹைலைட்டுகளிலிருந்து குறிப்பு உருவாக்கும் வசதியைச் சொடுக்குங்கள். வரி, பக்க எண், மூலத்துக்குத் திரும்பும் இணைப்பு மூன்றும் குறிப்பில் வந்து உட்காரும். 2022-ல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. அதோடு விடாமல், உங்கள் சொந்த வாக்கியத்தில் தலைப்புக் கொடுங்கள். “மக்கள்தொகை” என்று வைத்தால் ஆறு மாதத்தில் அதே தலைப்பில் பதினைந்து குறிப்பு சேர்ந்துவிடும். “1986 எண்ணிக்கை ஐந்தால் பெருக்கியது” என்று வையுங்கள். ஒரு குறிப்பில் ஒரே செய்திதான் இருக்க வேண்டும்.

அடுத்தது இணைப்பு. ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்புக்கும் ‘தொடர்புடையவை’ என்றொரு பகுதி உண்டு. பத்து லட்சம் என்று எழுதிய செய்தியை அங்கே சேருங்கள். பரப்பளவு பற்றிய குறிப்பையும் சேருங்கள். எல்லையை எங்கே வரைகிறார்களோ அதைப் பொறுத்துத்தானே தலைக்கணக்கும் மாறும். ஏன் இணைத்தேன் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். காரணம் எழுதாத இணைப்பு உங்களுக்கே மறந்துபோகும்.

டேக் வைப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இதற்கு சீர்காழிக்காரர் ஒருவர் வழி சொல்லியிருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்தார். பின்னர் அது ஐந்து முகங்களாக நிலைபெற்றது: மையப்பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம். தாராவி தோல் தொழில் பற்றிய கட்டுரையை ‘தோல்’ ஃபோல்டரில் போடுவதா, ‘புலம்பெயர்வு’ ஃபோல்டரில் போடுவதா என்று குழம்ப வேண்டாம். தோல் தொழிலாளர், தோல், பதனிடல், தாராவி, 1980கள் என்று ஐந்து டேக் கொடுங்கள். தேடும்போது எந்த முகத்திலிருந்தும் போய்ச் சேரலாம். ஜோட்டெரோவில் ஒரே பதிவு பல ஃபோல்டர்களில் இருக்கலாம், நகல் எடுக்க வேண்டியதில்லை. டேக்கைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஏதேனும் ஒன்றில் மட்டும் வையுங்கள்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் சில. நம் பெயர்களில் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. இரண்டு கட்டத்தில் பிரித்துப் போட்டால் துணைநூல் பட்டியலில் அப்பா பெயர் ஆசிரியராகி நிற்கும். பெயரை ஒரே கட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தயாரான பிடிஎஃப்பிலிருந்து வரியை எடுத்தால் புரியாத எழுத்துக்கள் வரும். அங்கே நீங்களே தட்டச்சு செய்து பக்க எண் போடுவதுதான் வழி.

நேர்காணல் குறிப்புகளை மட்டும் தனியாகக் கையாளுங்கள். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உள்ள தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு விதி. டீ கொடுத்து உட்காரவைத்த அக்கா, “நாங்க வந்து இருபது வருஷம்தான் ஆகுது” என்று பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். அந்த வரி வெளியே போனால் அவருக்கு வீடு கிடைப்பதையே பாதிக்கலாம். குறிப்பில் பெயருக்குப் பதில் ஒரு குறியீடு போடுங்கள், சந்து பெயரை எழுதாதீர்கள், நண்பர்களோடு பகிரும் குழு நூலகத்தில் அதைச் சேர்க்காதீர்கள். எந்தக் குறியீடு யார் என்ற பட்டியல் காகிதத்தில், உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கட்டும்.