முதல் தோல் வாரை நீங்கள் வெட்டத்தான் போகிறீர்கள்

பக்கத்து நாற்காலியருகே நிற்பவருக்கும் ஃபேடு கட் வரும். சவரக்கத்தியைத் தோல் வாரில் தீட்டி, முடி இழுக்காமல் ஓட்டத் தெரிந்தவர்கள்தான் குறைவு. பிரீமியம் சலூனில் இடம் பிடிக்க நினைத்தால் இந்த ஸ்கில்லைக் கையில் வைத்திருங்கள். வார் வாங்கக் கிளம்புமுன் சில விஷயங்கள்.

1. சாணைக்கல் இரும்பைத் தேய்த்துக் கூர் உண்டாக்கும். வார் அந்தக் கூரைச் சீராக வைத்திருக்கும், அவ்வளவுதான். மழுங்கிய கத்தியை எத்தனை காஸ்ட்லியான வாரும் காப்பாற்றாது.

2. அகலம் பாருங்கள். கத்தியின் வெட்டும் பகுதி சுமார் 3 அங்குலம். வாரும் 3 அங்குலம் என்றால் நேராக இழுத்தால் போதும். 2 அங்குல வாரில் கத்தியைக் குறுக்கே நகர்த்திக்கொண்டே இழுக்க வேண்டும். புதிய கைக்கு அது தலைவலி. அதனால் இரண்டரைக்குக் கீழே இறங்காதீர்கள்.

3. தோலில்தான் கடைக்காரர் உங்களை மடக்குவார். குதிரையின் பின்பகுதித் தோலான கார்டோவனைக் காட்டுவார். கண்ணாடி மாதிரி வழவழப்பு, விலையும் அப்படித்தான். இப்போது வேண்டாம். காரணம் இருக்கிறது. வாரில் கத்தியின் முதுகு முன்னே போகும், கூர் பின்னே வரும். இழுப்பு முடியும் இடத்தில் முதுகைத் தோலிலிருந்து தூக்காமல், அதன் மேலேயே கத்தியை உருட்டித் திருப்ப வேண்டும். ஸ்பீடு காட்ட ஆசைப்பட்டு முதுகைத் தூக்கினால் கூர் தோலில் இறங்கிவிடும். அநேகமாக எல்லா ஆரம்பக்காரர்களின் வாரிலும் அந்தக் கீறல் இருக்கும். நடுத்தர விலை மாட்டுத்தோல், பின்னால் கேன்வாஸ் பட்டை: இது போதும். வாங்குமுன் உள்ளங்கையால் முழு நீளமும் தடவுங்கள். மேடு, தழும்பு தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. கொக்கியில் மாட்டும் வாரை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் கூர் உருண்டுவிடும். அது கைவராதவர்களுக்குக் கட்டையில் ஒட்டிய வார் சேஃப்.

5. முதலில் கேன்வாஸில் 20 முறை, பிறகு தோலில் 40, 50 முறை. குரோமியம் ஆக்சைடு பேஸ்டை இந்தத் தோலில் தடவாதீர்கள். தடவினால் அது சாதா வாராகத் திரும்பாது. பேஸ்டுக்குத் தனி வார் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தோலை ஸ்டெரிலைஸ் செய்ய முடியாது. அதனால்தான் பல கடைகளில் கஸ்டமருக்கு மாற்று பிளேடுதான். அங்கே அடம்பிடித்து வேலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்தக் கத்தி வைத்திருக்கும் ஆர்வலர்களுக்குத் தீட்டிக் கொடுத்தால் சைடு இன்கம் வரும்.

இன்டர்வியூ டிரையலுக்குக் கீறல் விழுந்த வாரை எடுத்துப் போகாதீர்கள். தொழில் தெரிந்த ஓனர் கத்தியைப் பார்க்குமுன் வாரின் ஓரத்தைத்தான் பார்ப்பார்.