கொசுவின் உடற்காவல்

உருவத்தாற் சிறியனவாயினும் தீமையாற் பெரியனவாக விளங்கும் உயிர்கள் சில உள. அவற்றுள் தலையாயது கொசு. மலேரியாக் காய்ச்சலை மக்களிடையே பரப்புவது அனாபிலிஸ் என்னும் கொசுவினமாகும். 2023 ஆம் ஆண்டில் மட்டும் இந்நோயால் ஏறத்தாழ 6 இலட்சம் மக்கள் மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இளங்குழந்தைகள்.

1897 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20 ஆம் நாள், செகந்தராபாத்தில் பணியாற்றிய ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், நோயாளியின் குருதியை உண்ட கொசுவொன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியின் வளர்ச்சியைக் கண்டார். கொசுவே இந்நோயைப் பரப்புகின்றது என்னும் உண்மைக்கு அது வழிகாட்டிற்று. ஆயின், ஒட்டுண்ணியைச் சுமக்கும் கொசு அதற்கு நட்பன்று. தன் உடலுட் புகுந்த அப்பகையோடு அது ஓயாது போர் புரிகின்றது.

பெண்கொசு நோயாளியின் குருதியைப் பருகும்பொழுது ஒட்டுண்ணிகளும் அதன் குடலை அடைகின்றன. அங்கு அவற்றின் ஆணுருவும் பெண்ணுருவும் கூடி, ஊர்ந்து செல்லும் புதிய உரு ஒன்றைத் தோற்றுவிக்கின்றன. அவ்வுரு ஏறத்தாழ ஒரு நாளில் குடற்சுவரைத் துளைத்துச் செல்லும். சுவரின் மறுபுறமே போர்க்களமாகும். கொசுவின் உடல்நீரில் ‘டெப் 1’ என்னும் காவற்புரதம் உண்டு. அது பகையைத் தேர்ந்து பற்றிக்கொள்ளும். பற்றப்பட்ட ஒட்டுண்ணி சிதைந்து மடியும். அன்றேல், கரிய நிறப்பொருளால் மூடப்பட்டு இறக்கும். புகுந்தவற்றுள் பெரும்பகுதி இவ்வாறு அழிகின்றது. எனினும், தப்பிய ஒன்று குடலின் புறச்சுவரில் பைபோல வளர்ந்து, ஆயிரக்கணக்கான நுண்ணுருக்களை ஈனும். அவை உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்தபின், கொசு கடிக்கும் மனிதருக்கு நோய் தொற்றும்.

எல்லாக் கொசுக்களும் ஒரே திறத்துடன் போரிடுவதில்லை. காவல் வலிமை, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் மரபணுக்களைப் பொறுத்தது. 1986 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலார், ஆப்பிரிக்க அனாபிலிஸ் கொசுக்களுள் வலியவற்றைத் தலைமுறைதோறும் தேர்ந்து வளர்த்து, ஒட்டுண்ணிகளைக் கருக்கிக் கொல்லும் ஒரு குடியை உருவாக்கியதை அறிவித்தனர். டெப் 1 புரதத்தைக் குறைத்தால் கொசுவின் உடலில் ஒட்டுண்ணிகள் பன்மடங்கு பெருகும் என்பது 2004 இல் தெளிவாயிற்று. எலிகளுக்கு வரும் மலேரியாவின் ஒட்டுண்ணியைக் கொண்டு அச்சோதனை நிகழ்ந்தது. அப்புரதத்திற்குரிய மரபணு பல வடிவங்களில் உள்ளது என்பதும், வலிமையின் வேறுபாட்டிற்கு அவ்வடிவ வேறுபாடு பெருங்காரணம் என்பதும் 2009 இல் புலப்பட்டன.

அங்ஙனமாயின் வலிய கொசுக்களே எங்கும் பெருகியிருத்தல் வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழாமைக்குக் காரணங்கள் உண்டு. காவலுக்குச் செலவாகும் ஊட்டம் முட்டையிடுதற்குப் பயன்படாது. இயற்கையில் வாழும் கொசுக்களுட் பலவற்றை ஒட்டுண்ணி அடைவதும் இல்லை. பகை வாராத வீட்டிற்குப் பெருங்காவல் வீண்செலவேயாகும்.

ஒட்டுண்ணியும் வாளா இருப்பதில்லை. மேற்கூறிய வலிய குடி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து பெற்ற மனித மலேரியா ஒட்டுண்ணிகளைக் கருக்கிக் கொன்றது. ஆப்பிரிக்க ஒட்டுண்ணிகளோ பெரும்பாலும் தப்பிப் பிழைத்தன. ஆப்பிரிக்கக் கொசுவோடு நெடுங்காலம் வாழ்ந்த ஒட்டுண்ணிகளுள், அதன் காவலுக்குத் தப்பியவையே பல்கிப் பெருகின. இதனை இயற்கைத் தேர்வு என்பர். ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் உள்ள ‘பி.எப்.எஸ். 47’ என்னும் புரதமே காவலரின் கண்ணை மறைக்கின்றது என்பது 2013 இல் அறியப்பட்டது. இப்புரதத்தை இழந்த ஒட்டுண்ணி கொசுவிடம் அகப்பட்டு அழிகின்றது.

இவ்வறிவு மாந்தர்க்குப் பெரிதும் பயன்படுவதாகும். கொசுவின் காவலை வலுப்படுத்தவும், ஒட்டுண்ணியின் மறைப்பை விலக்கவும் அறிவியலார் முயன்று வருகின்றனர். ஆயின் ஒரு தடையை எழுப்பினால், அதனைக் கடக்கும் ஒட்டுண்ணி நாளடைவில் தோன்றுதல் கூடும். ஆதலின் கொசுவலையும், தேங்கிய நீரை அகற்றுதலும், காலத்தில் செய்யும் மருத்துவமும் இன்றும் கைவிடத்தகாதன. மாறிக்கொண்டேயிருக்கும் பகையை வெல்ல விரும்புவோர், அதன் மாற்றத்தை இடைவிடாது கவனித்தல் வேண்டும்.