சத்தம் வேறு, தெளிவு வேறு



"பாங்கு நல்லாக் கேட்குது, பயான்தான் விளங்கலை" என்று நம் பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பேரப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

வயதாகும்போது பெரும்பாலும் முதலில் குறைவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன். இதை உயர் அதிர்வெண் ஒலி என்பார்கள். ஸ, ஃப போன்ற எழுத்துகளின் ஒலி அங்கேதான் இருக்கிறது. 'ஸஃப்' என்று இமாம் சொன்னால், முன்னும் பின்னும் உதிர்ந்து நடுவிலுள்ள 'அ' மட்டும் காதில் விழும். அப்போது சத்தத்தை மொத்தமாகக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், சொல் விளங்காது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'காது மிஷின்'களில் பல இந்த வேலையைத்தான் செய்கின்றன: எல்லா ஒலியையும் ஒரேயடியாகப் பெருக்குகின்றன. முறையான செவித்துணைக் கருவி அப்படியல்ல. 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு காதையும் சோதித்து வரைபடம் எடுப்பார்கள். குறைந்துள்ள இடத்தில் மட்டும் கூட்டும்படி கருவியை அமைப்பார்கள். ஆகவே முதலில் சோதனை, பிறகுதான் கருவி. சிலருக்குக் காதில் அடைத்த அழுக்கை எடுத்தாலே போதும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் நாள் கடத்தாதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் மீள வாய்ப்பு அதிகம்.

சந்தவாசலிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டலாம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், வருமானச் சான்றும் சேர்த்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். கடன் வாங்கிக் கருவி வாங்குமுன் இதைப் பாருங்கள்.

பள்ளிவாசலுக்கும் இதே கணக்குதான். கூம்பு ஒலிபெருக்கி தூரத்துக்குப் பாங்கைக் கொண்டுபோகச் செய்யப்பட்டது. பளிங்குத் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள கூடத்துக்குள் அதை வைத்தால் எதிரொலியில் குத்பா குழம்பும். உள்ளே நீளமான தூண் வடிவ ஸ்பீக்கர்களை, ஆட்கள் உட்காரும் இடத்தை நோக்கி, குறைந்த சத்தத்தில் வைப்பதே நல்லது. பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு வசூல் செய்யுமுன் நிர்வாகிகள் யோசிக்கட்டும்.

'ஹை ஃப்ரீக்வன்சி' என்ற பெயரில் முகப்பருவுக்கு ஒரு கருவியும் இப்போது விளம்பரத்தில் வருகிறது. காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணாடிக் குழாயில் ஆர்கான் வாயு இருந்தால் ஊதா, நியான் இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். தோலில் பட்டதும் சிறு மின்பொறி பறந்து ஓசோன் உண்டாகும். பருவுக்கு ஓரளவு உதவலாம் என்கிறார்கள், ஆதாரம் குறைவு. மங்கு போகும் என்று நம்பி வாங்க வேண்டாம். பேஸ்மேக்கர் அல்லது காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. ஸ்பிரிட் கலந்த சென்ட், டோனர் பூசிய முகத்தில் வைத்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. கல்யாணத்துக்கு முன் அவசரமாக வாங்கும் பெண்பிள்ளைகளிடம் இதைத் தாய்மார்கள் எடுத்துச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டினால் பருவுக்கு மருந்து இலவசம்.

காது சோதனைச் சீட்டு உள்ளவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். விண்ணப்பம் எழுதித் தருகிறோம்.