நட்பும் பிணைக் கையெழுத்தும்

1951–52ஆம் ஆண்டின் அகில இந்திய கிராமக் கடன் ஆய்வின்படி, விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் அளித்தது 3.1 சதவீதமே, உறவினர் அளித்தது 14.2 சதவீதம். பின்னர் சங்கங்களும் வங்கிகளும் பெருகின. ஆயினும் கடன் வேண்டுவோர் தமக்கு வேண்டியவரை நாடுவது ஓயவில்லை. முன்பு நண்பரிடம் பணம் கேட்டவர், பின்னர் பிணைக் கையெழுத்துக் கேட்கலானார்.

‘கையெழுத்து மட்டும்தானே’ என்ற எண்ணமே சங்கடத்தின் தொடக்கம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டாலன்றி, பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு நிகரானது. கடனாளியிடம் வசூலிக்க முயன்று இயலாத நிலையில்தான் பிணையாளியை அணுக வேண்டும் என்ற நியதி இல்லை. பீகார் வங்கி வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

தவணை தவறியதும் கடனாளி நண்பரைச் சந்திக்கத் தயங்குகிறார். நண்பரோ கேட்கக் கூச்சப்படுகிறார். வங்கியின் அறிவிப்பு வரும்போது இருவருக்குமிடையே பேச்சே நின்றிருக்கும். பிணையாளி முறைப்படி செலுத்திய தொகையைக் கடனாளியிடமிருந்து பெற 145ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் வழக்காடிப் பணத்தை மீட்கலாம். நட்பை மீட்க இயலாது.

ஆகவே கடன் தொகை, தவணை, திருப்பிச் செலுத்தும் வழி ஆகியவற்றைக் கையெழுத்துக்கு முன்பே இருவரும் மனம்விட்டுப் பேசுதல் வேண்டும். தாமே செலுத்த இயலாத தொகைக்குப் பிணை நிற்க மறுப்பது நட்புக்குத் துரோகமன்று. பிணையாளியைத் தனியே அழைத்து அவருடைய பொறுப்பை விளக்குவது கடன் வழங்கும் அலுவலரின் கடமையாகக் கருதப்பட வேண்டும்.