எழுதிய தடையும் எழுதாத தடையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்), நாமகிரிப்பேட்டை

முன்னுரை

பெண்கள் பணிபுரியாத துறை இன்று இல்லை. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், காவல் நிலையம், வயல், ஆலை என எங்கும் பெண்ணின் உழைப்பைக் காண்கிறோம். ஆனால் பணி செய்வது வேறு. பணியை நடத்துவது வேறு. எத்தனை பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டால் பெருமையோடு விடை சொல்வர். எத்தனை பெண்கள் மேற்பார்வை செய்கிறார்கள் என்று கேட்டால் விடை தயங்கியே வரும். இந்த இடைவெளி எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு நீங்கும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தடைகளை நான் இரு வகையாகப் பிரிக்கிறேன். ஒன்று, சட்டத்திலும் விதியிலும் எழுதி வைத்த தடை. மற்றொன்று, எங்கும் எழுதாமல் வழக்கத்தில் வாழும் தடை.

எழுதிய தடை

சுதந்திர இந்தியாவில் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி அன்னா ராஜம். அவர் 1951இல் பணியேற்றுச் சென்னை மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார். திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று அவருடைய நியமன ஆணையிலேயே எழுதியிருந்தது. ஆண் அதிகாரி எவருக்கும் அப்படி எழுதவில்லை. அக்காலத்தில் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, ஒரு பெண்ணை மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பத் தயங்கினார். தலைமைச் செயலகத்தில் பணி தருவதாகச் சொன்னார். அன்னா ராஜம் இணங்கவில்லை. குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் ஆண்களோடு சமமாகப் பெற்றவர் அவர். வாதாடிச் சார் ஆட்சியர் பொறுப்பைப் பெற்றார். பின்னாளில் ராஜாஜியே அவரைப் பொதுமேடையில் பாராட்டினார். மும்பை அருகே நவசேவா துறைமுகம் உருவானபோது அதற்குத் தலைமை தாங்கிய அவருக்கு 1989இல் பத்மபூஷண் விருது கிடைத்தது.

சென்னையில் கல்வி கற்ற குடகு நாட்டுப் பெண்மணி சி. பி. முத்தம்மா, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அத்துறையில் ஒரு விதி இருந்தது. பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும்; குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம். முத்தம்மா தூதராக உயர்ந்த பிறகும் அடுத்த பதவி உயர்வு மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வு அளித்துவிட்டதால் 1979இல் மனு தள்ளுபடி ஆயிற்று. ஆயினும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்து, பாகுபாடு காட்டும் விதிகளை எல்லாம் அரசு திருத்த வேண்டும் என்றார்.

ஆலைகளிலும் இதே கதைதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பெண்கள் இரவு வேலை செய்வதைத் தடுத்தது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் மூன்று ஷிப்டும் பார்க்காதவரை ஷிப்ட் மேற்பார்வையாளராக யார் உயர்த்துவார்? 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது; போக்குவரத்தும் பாதுகாப்பும் நிர்வாகத்தின் கடமை என்றும் வலியுறுத்தியது.

எழுதிய தடைக்கு ஒரு நன்மை உண்டு. அதை எடுத்துக் காட்டலாம். எதிர்த்து மனுப் போடலாம். ஒரு நாள் அடித்து எழுதலாம்.

எழுதாத தடை

எங்கள் நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பேர்போன ஊர். வாரந்தோறும் நடக்கும் ஏலத்துக்கு விரலி, உருண்டை, பனங்காலி என ரகம் பிரித்த மஞ்சள் மூட்டை மூட்டையாக வரும். அந்த ரகம் பிரிக்கும் வேலையில் பெரும்பாலோர் பெண்கள். என் தாயாரும் அவர்களில் ஒருவர். விரலியை ஒடித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டே காய்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். புதிதாக வரும் பெண்கள் அவரிடம்தான் தொழில் பழகுகிறார்கள். தரத்தில் சந்தேகம் வந்தால் மேஸ்திரியே அவரைத்தான் கூப்பிடுகிறார். ஆனால் இருபது ஆண்டுகளில் மேஸ்திரி மூன்று முறை மாறியும் மூவரும் ஆண்களே.

அவருக்கு யாரும் "முடியாது" என்று சொன்னதில்லை. யாரும் கேட்கவே இல்லை. நான் காரணம் கேட்டபோது அம்மா மூன்று சொன்னார். "கணக்கு எழுதணும் கண்ணு, நான் அஞ்சாவதோட நின்னவ. லோடு லாரி ராத்திரியில வரும். அப்புறம், வியாபாரிங்ககிட்ட எதிர நின்னு பேசணுமே."

இம்மூன்றும் அவருடைய குறைகளா என்று எண்ணிப் பார்த்தேன். முதலாவது, பள்ளிக்கு அனுப்பாததன் விளைவு. இரண்டாவது, இரவில் வீடு திரும்ப வழியும் குழந்தையைப் பார்க்க ஆளும் இல்லாததன் விளைவு. மூன்றாவது, பேசிப் பழக வாய்ப்பே தராததன் விளைவு. திறமைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. மஞ்சளை அறிந்தவர் அவர்தாம்; மஞ்சளை அறிந்தவருக்குரிய கூலி மட்டும் வேறொருவருக்குப் போகிறது.

தடை நீங்கும் வழிகள்

1. இடம் ஒதுக்குதல்: தமிழக அரசுப் பணிகளில் 1989இல் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. உள்ளாட்சியில் 1996 தேர்தல் முதல் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. 2016இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. தலைவி பதவி வகிக்க, அவர் கணவர் அதிகாரம் செலுத்தும் ஊர்கள் உண்டு என்பது உண்மை. அதற்கு மருந்து இடத்தைப் பறிப்பது அன்று. கூட்டத்துக்கும் கையெழுத்துக்கும் அவரே வரவேண்டும் என்று ஊரார் கேட்பது.

2. வசதி செய்தல்: 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் விடுப்பை 26 வாரமாக்கியது, 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. மண்டிகளும் சிறு ஆலைகளும் இந்த எண்ணிக்கைக்குள் வருவதில்லை. அங்கே நான்கைந்து முதலாளிகள் சேர்ந்து ஒரு காப்பகம் நடத்தலாம். பூட்டுள்ள கழிப்பறையும், இரவு வண்டியும் தலைமைக்கு ஏறும் படிகளே.

3. பாதுகாப்பு: பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறை வகுத்தது, 2013இல் அது சட்டமாயிற்று. 10 பேர் பணிபுரியும் இடத்திலும் புகார்க் குழு அமைய வேண்டும். அதன் தலைமை பெண்ணிடம் இருக்க வேண்டும்.

4. பழக்குதல்: தலைமை ஒரே நாளில் வருவதன்று. கல்லூரி விழாக்களில் இறைவணக்கம், வரவேற்புரை, குத்துவிளக்கு, சந்தனத் தட்டு ஆகியவை மாணவியர்க்கு. வரவுசெலவும் ஏற்பாடும் மாணவர்க்கு என்பது எழுதாத வழக்கம். இதை நாமே மாற்றலாம். மன்றத்தின் கணக்கை ஓராண்டு ஒரு மாணவி எழுதட்டும். அச்சகத்தாரிடமும் பந்தல்காரரிடமும் அவளே விலை பேசட்டும். என் தாயார் சொன்ன மூன்றாவது காரணம் அங்கேயே தீரும்.

முடிவுரை

அன்னா ராஜத்தின் கையில் ஓர் ஆணை இருந்தது. முத்தம்மாவின் கையில் ஒரு விதிநூல் இருந்தது. அவற்றைக் காட்டி அவர்கள் வாதாடினார்கள். மண்டியில் தரம் பிரிக்கும் பெண்ணின் கையில் காட்டுவதற்கு ஏதும் இல்லை. ஆகவே, படிக்க வந்த நம் முதல் கடமை எழுதாத தடைகளை எழுதுவது. எந்த வேலைக்கு எந்தத் தகுதி, யார் எத்தனை ஆண்டு உழைத்தார், ஏன் உயர்த்தப்படவில்லை என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டு எழுதுவோம். எழுதியதைத்தான் திருத்த முடியும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கணக்கு எழுதவும், எதிரே நின்று பேசவும் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நாளை ஓர் ஆய்வுக்கூடத்திலோ ஆலையிலோ பொறுப்பாளர் வேண்டும் என்றால், யாரும் கேட்கும் வரை காத்திராமல், "நான் ஏற்கிறேன்" என்று முதலில் சொல்வேன். சகோதரிகளே, நீங்களும் சொல்லுங்கள். சகோதரர்களே, அப்போது எங்கள் வேலையைப் பார்த்து மதிப்பிடுங்கள்.