பந்தாடும் பிள்ளைகளுக்கு இரண்டு காலிலும் பலம்: வீட்டில் செய்ய எட்டு குறிப்புகள்

மூணாறில் ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி நெருங்கினால் எஸ்டேட் லயங்களில் பேச்செல்லாம் பந்துதான். பாலக்காட்டுப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ். ஆடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே காலால் அடித்து, மற்றக் காலை ஊன்றியே பழகியவர்கள். அந்த ஏற்றத்தாழ்வு அளவு மீறினால் முட்டியோ தொடையோ அடி வாங்கும்.

1. சமதரையில் கரியால் ஒரு கோடு போடுங்கள். ஒற்றைக்காலில் நின்று முன்னால் தாவி, அதே காலில் இறங்கி, இரண்டு எண்ணும்வரை ஆடாமல் நிற்கவேண்டும். காலுக்கு மூன்று முறை, நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள். வலது 150 செ.மீ., இடது 129 செ.மீ. என்றால் இடது கால் வலதில் 86 சதவீதம்தான். 90-க்குக் கீழே போனால் அந்தக் காலைக் கவனிக்கவேண்டும். வலியோ வீக்கமோ இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது.

2. தூரம் சரியாக இருந்தாலும் இறங்கும் விதம் தப்பாக இருக்கலாம். ஒரு அடி உயரப் படியிலிருந்து குதிக்கச் சொல்லி, முன்னால் நின்று போனில் ஸ்லோமோஷனில் எடுங்கள். முட்டி உள்பக்கமாக மடிகிறதா? யாரும் இடிக்காமலே முட்டிச் சவ்வு கிழிவது பெரும்பாலும் இப்படித்தான். முட்டி பாதத்துக்கு நேராக, நன்றாக மடங்கி, சத்தமில்லாமல் இறங்கப் பழக்குங்கள். பெண்பிள்ளைகளுக்கு இந்தக் காயம் வர இரண்டு மூன்று மடங்கு வாய்ப்பு அதிகம். அவர்கள் ஆட்டத்தையும் வீட்டில் யாராவது நின்று பார்க்கவேண்டும்.

3. திண்ணைப் படியில் ஏறி இறங்கும் பயிற்சியைப் பலம் குறைந்த காலில் தொடங்குங்கள். அந்தக் கால் எத்தனை முறை ஏறியதோ, மற்றதற்கும் அத்தனைதான். எட்டு பத்து முறையாக மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள் போதும். கீழே இருக்கும் கால் உந்தித் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பந்து உதைத்து உதைத்து முன்தொடை முறுக்கேறும், பின்தொடை பின்தங்கிவிடும். வேகமாக ஓடும்போது 'பிடித்துக்கொள்வது' அதுதான். மடித்த கம்பளியில் முட்டி போடச் சொல்லி, ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கவேண்டும். தலை முதல் முட்டி வரை நேராக வைத்து, மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்து, கடைசியில் கையை ஊன்றிக்கொள்ளலாம். மூன்று முறையில் ஆரம்பியுங்கள். முதல் வாரம் தசை வலிக்கும், பயப்படவேண்டாம். விடாமல் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறுநாள் மேட்ச் இருந்தால் வேண்டாம்.

5. ஃபிஃபாவின் '11 பிளஸ்' பயிற்சி 2006-இல் வந்தது. பயிற்சிக்கு முன் 20 நிமிடம், வாரம் இரண்டு முறையாவது. ஓட்டம், பலம், நிதானம், தாவல் எல்லாம் அதில் உண்டு, காசு செலவில்லை. ஊர் கோச்சிடம் கேளுங்கள்.

6. தேய்ந்த பூட், தாள்கட்டை நீட்டிக்கொண்டிருக்கும் வயல் இரண்டும் ஆகாது.

7. சட்டென்று உயரும் வயதில் கைகால் தடுமாறும், அதற்காகத் திட்டாதீர்கள். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் ஆட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

8. முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவினாலோ இழுத்து உருவி விடக்கூடாது. எலும்பு டாக்டரிடம் போங்கள். சவ்வு ஆபரேஷன் ஆனவர் மேட்ச் ஆடக் குறைந்தது ஒன்பது மாதம் ஆகும். அதற்குப் பிறகும், முதல் குறிப்பில் சொன்ன தாவலில் 90 தாண்டி, டாக்டரும் சரி என்றால்தான் பூட் மாட்டவேண்டும்.